மண் ஒன்றுதான், அச்சுதான் வேறு!

விருத்தாசலம் பீங்கான் ஊர்.

கொலுப் படியில் வீற்றிருக்கும் பொம்மை, தேநீர் ஊற்றிக் குடிக்கும் கோப்பை, வீட்டுச் சுவரில் மின்சாரப் பெட்டிக்குள் இருக்கும் பியூஸ் கட்டை எல்லாம் அங்கே உள்ள பீங்கான் தொழிற்பேட்டையில் உருவாகின்றன.

அவை எப்படி உருவாகின்றன தெரியுமா?

வெள்ளைக் களிமண்ணோடு வேறு சில கல் மாவுகளையும் சேர்த்து அரைக்கிறார்கள். தண்ணீர் விட்டுக் கூழாகக் கரைக்கிறார்கள். அந்தக் கூழை அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு, பிளாஸ்டர் ஆப் பாரிஸ் என்ற மாவினால் செய்தது. அது கூழில் உள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும். கொஞ்ச நேரத்தில் அச்சின் உள்பக்கம் முழுவதும் மண் ஏடு போலப் படியும். மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால், உள்ளே பொம்மை! பிறகு காய வைத்து, பிசிறு நீக்கி, சூளையில் சுட்டு எடுக்கிறார்கள்.

கூழ் ஒன்றுதான். ராஜா அச்சில் ஊற்றினால் ராஜா. சேவகன் அச்சில் ஊற்றினால் சேவகன்.

மனிதர்களும் அப்படித்தான். பிறக்கும்போது எல்லாக் குழந்தையும் ஒன்று போலத்தான் அழுகிறது. ஒன்று போலத்தான் பால் கேட்கிறது. ஆனால் ஒரு குழந்தையை "வாடா ராஜா" என்கிறோம். இன்னொரு குழந்தையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம். ஒன்றை "நீ ஆள வேண்டும்" என்று வளர்க்கிறோம். மற்றொன்றை "நீ அடங்கிப் போக வேண்டும்" என்று வளர்க்கிறோம்.

இந்த அச்சு எது? அதைச் செய்தவர் யார்? அதை மாற்ற முடியுமா?

இந்தக் கேள்விகளை ஆராயும் படிப்புக்குச் சமூகவியல் என்று பெயர். பிரான்சு நாட்டு அறிஞர் ஆகஸ்ட் காம்ட் 1830-களில் இந்தப் படிப்புக்குப் பெயர் சூட்டினார். கல்லூரியில் படிப்பவர்களுக்கு மட்டும் உரிய சங்கதி என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. நம் வீட்டு அடுப்படியிலும் திண்ணையிலும் நடப்பதுதான் இதன் பாடம். இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் என்ன கேடு வரும் என்பதற்கு விருத்தாசலம் இருக்கும் கடலூர் மாவட்டமே சாட்சி. அதைப் பின்னால் பார்ப்போம்.

கூட்டமா? சமுதாயமா?

விருத்தாசலம் ரயில் சந்திப்பில் போய் நில்லுங்கள். விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என்று நாலு பக்கமும் பாதை பிரிகிற இடம் அது. மேடையில் நூறு பேர் நிற்பார்கள். ரயில் வந்ததும் கலைந்து போவார்கள். அது கூட்டம்.

அதே நூறு பேர் ஒரு தெருவில் குடியிருந்தால்? ஒருவர் மாமனார், ஒருவர் மருமகன். ஒருவர் கடன் கொடுத்தவர், ஒருவர் வாங்கியவர். ஒருவர் ஆசிரியர்; ஒருவர் மாணவனின் தகப்பனார். யார் யாருக்கு என்ன முறை, யார் முன்னால் யார் உட்காரலாம், யார் பேச்சை யார் தட்டக் கூடாது என்பதெல்லாம் அங்கே உண்டு. அது சமுதாயம்.

செங்கல்லைக் கொட்டி வைத்தால் அது குவியல். வரிசையாக அடுக்கிச் சாந்து பூசினால் வீடு. மனிதர்களை அடுக்கி வைத்திருக்கும் அந்த வரிசைக்குத்தான் சமூக அமைப்பு என்று பெயர்.

இதில் ஒரு விந்தை உண்டு. ஆட்கள் மாறினாலும் அமைப்பு மாறுவதில்லை. ஒரு தாசில்தார் மாற்றலாகிப் போகிறார். வேறொருவர் வருகிறார். ஆள் வேறு, நாற்காலி அதே நாற்காலி. நேற்று வரை யாரோ ஒருவராக இருந்தவருக்கு இன்று எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். வணக்கம் அந்த நாற்காலிக்கு!

வீட்டிலும் இப்படி நாற்காலிகள் உண்டு. மாமியார் என்பது ஒரு நாற்காலி. மருமகள் என்பது ஒரு நாற்காலி. மருமகளாக இருந்தபோது கண்ணீர் விட்டவள், மாமியார் நாற்காலியில் உட்கார்ந்ததும் அதட்டுகிறாளே, ஏன்? அவள் கெட்டவள் என்பதாலா? பெரும்பாலும் இல்லை. அந்த நாற்காலியில் உட்காருகிறவர் இப்படித்தான் நடக்க வேண்டும் என்று ஊர் எழுதாத சட்டம் ஒன்றை எழுதி வைத்திருக்கிறது. அதை அவள் நிறைவேற்றுகிறாள்.

எமில் துர்கைம் என்ற பிரெஞ்சு அறிஞர் இதைத்தான் விளக்கினார். வழக்கங்கள் நாம் பிறப்பதற்கு முன்பே இருக்கின்றன. வெளியே இருந்து நம்மை நெருக்குகின்றன. மீறினால் தண்டிக்கின்றன. போலீஸ்காரர் வந்து பிடிக்க வேண்டியதில்லை. "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்ற ஒரு கேள்வி போதும். அந்த நாலு பேர் யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவர்களுக்குப் பயப்படாத வீடு இல்லை!

குலத்தொழில் பாடமானது

அந்தச் சட்டம் என்றைக்கும் மாறாதா? மாறும். அதற்கும் விருத்தாசலமே சாட்சி.

முன்பு சட்டி பானை வனைவது குயவர் குலத்துக்கு உரிய தொழில். அந்த வீட்டில் பிறந்தவன் சக்கரம் சுற்ற வேண்டும். வேறு வீட்டில் பிறந்தவன் அதைத் தொடமாட்டான். தொழில், கருவிலேயே எழுதப்பட்டுவிட்டது.

இன்று விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் கற்றுக் கொடுக்க அரசு கல்வி நிலையம் இருக்கிறது. எந்த வீட்டுப் பிள்ளையும் சேரலாம். மண்ணின் தன்மை என்ன, எத்தனை டிகிரி சூட்டில் சுட வேண்டும், மெருகு எப்படி ஏற்ற வேண்டும் என்று படித்துத் தெரிந்துகொள்ளலாம். குலத்தொழிலாக இருந்தது பாடமாகிவிட்டது!

பிறப்பால் வந்த நிலை, முயற்சியால் பெற்ற நிலை என்று சமூகவியல் இரண்டு வகை சொல்கிறது. ஒரு சமுதாயத்தில் முதல் வகை குறைந்து இரண்டாவது வகை பெருகினால், அது நிமிர்கிறது என்று அர்த்தம்.

ஆனால் அமைப்பு எல்லா மூலையிலும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. நம் ஊர்களில் சாதி பாராமல் ஒன்றாக வேலை செய்கிறவர்கள், பிள்ளைக்குப் பெண் பார்க்கும்போது மட்டும் தனித்தனியாகப் பிரிந்து போகிறார்கள். வேலையில் அச்சு மாறிவிட்டது. கல்யாணத்தில் பழைய அச்சு அப்படியே இருக்கிறது.

'தான்' என்ற ஒரு சொல்

பண்பாடு என்றால் என்ன? பரத நாட்டியமும் பட்டுப் புடவையும் கோயில் கோபுரமும் மட்டுமா?

அவையும் பண்பாடுதான். ஆனால் அவ்வளவோடு நிற்பதில்லை. இலையில் எதை முதலில் பரிமாறுவது, விருந்தாளி வந்தால் என்ன சொல்லி அழைப்பது, வீட்டில் யார் கடைசியில் சாப்பிடுவது, எதற்கு வெட்கப்படுவது, எதற்குப் பெருமைப்படுவது எல்லாமே பண்பாடு. இவற்றில் ஒன்றும் ரத்தத்தில் வருவதில்லை. பார்த்துப் பார்த்து, கேட்டுக் கேட்டுப் படிகிறது.

பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.

"என்ன குழந்தை?"

"ஆண் குழந்தை!"

இன்னொரு வீட்டாரைக் கேளுங்கள்.

"என்ன குழந்தை?"

"பொம்பளைப் பிள்ளைதான்."

கவனித்தீர்களா? ஆண் என்றால் 'ஆண்'. பெண் என்றால் 'பெண்தான்'. அந்தத் 'தான்' எங்கிருந்து வந்தது? யார் சொல்லிக் கொடுத்தது? யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பாட்டி சொன்னாள், அம்மா சொன்னாள், நாமும் சொல்கிறோம். தராசில் வைத்தால் எடை இல்லாத சொல். ஆனால் ஒரு மாவட்டத்தையே சாய்க்கக் கூடிய சொல் அது.

மூன்று வாசல்கள்

இனி ஜனத்தொகைக்கு வருவோம்.

ஓர் ஊரில் ஜனங்கள் கூடுவதற்கும் குறைவதற்கும் மூன்றே வாசல்கள் உண்டு. பிறப்பு ஒரு வாசல். இறப்பு ஒரு வாசல். குடிபெயர்ச்சி மூன்றாவது வாசல்.

மூன்றாவது வாசலுக்கு நெய்வேலி நல்ல உதாரணம். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1930-களில் அங்கே கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. பழுப்பு நிலக்கரி என்று பிறகு தெரிந்தது. 1956-ல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. சுற்றுக் கிராமத்தார் நிலத்தையும் வீட்டையும் விட்டுப் போனார்கள். வெளியூர்க்காரர்கள் வேலைக்கு வந்து குடியேறினார்கள். வயல் இருந்த இடத்தில் நகரம் எழுந்தது. ஒரு கூட்டம் வெளியே போக, ஒரு கூட்டம் உள்ளே வந்தது.

மற்ற இரண்டு வாசல்களைப் பாருங்கள். 1951-ல் தமிழ்நாட்டு எல்லைக்குள் சுமார் 3 கோடிப் பேர் இருந்தார்கள். 2011 கணக்கில் 7 கோடியே 21 லட்சம் பேர். அறுபது ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கும் மேல்! விருத்தாசலம் நகரத்தில் 2001-ல் சுமார் 59 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2011-ல் 73 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

ஏன் இப்படிப் பெருகியது? ஜனங்கள் திடீரென்று அதிகமாகப் பிள்ளை பெறத் தொடங்கிவிட்டார்களா? அதுதான் இல்லை. சாவு குறைந்தது! பெரியம்மை ஒழிந்தது. காலரா அடங்கியது. தடுப்பூசி வந்தது. ஆறு பெற்று மூன்றைப் பறிகொடுத்த வீடுகளில், ஆறும் பிழைத்தன.

பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்ததும், ஜனங்கள் குறைவாகப் பெறத் தொடங்கினார்கள். 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்று சிவப்பு முக்கோணம் சுவருக்குச் சுவர் சொன்னது. பெண்கள் பள்ளிக்கூடம் போனார்கள். கல்யாண வயது தள்ளிப் போனது. மதிய உணவு பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்தது; வேலைக்கு அனுப்பிச் சம்பாதிக்க வைக்கலாம் என்ற எண்ணம் குறைந்தது. 1970-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஒரு தாய்க்குச் சராசரியாக ஏறத்தாழ நான்கு பிள்ளைகள். 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில் அது 1.8 ஆக இறங்கிவிட்டது.

உலகத்தில் பல நாடுகள் இந்த வழியாகத்தான் வந்திருக்கின்றன. முதலில் சாவு குறையும். அப்போது ஜனத்தொகை பொங்கும். பிறகு பிறப்பும் குறையும். பொங்கியது அடங்கும். முதியோர் பங்கு கூடும். தமிழ்நாட்டில் 2011-லேயே பத்துப் பேரில் ஒருவர் அறுபது வயதைத் தாண்டியவர்.

நல்ல சேதிதானே என்று கேட்பீர்கள். ஆம், நல்ல சேதிதான். ஆனால் இந்த நல்ல சேதிக்குள்ளே ஒரு பொல்லாத சேதி ஒளிந்திருக்கிறது.

கடலூர் மாவட்டத்துக் கணக்கு

இயற்கையில் நூறு பெண் குழந்தை பிறந்தால் சுமார் 105 ஆண் குழந்தை பிறக்கும். அதாவது ஆயிரம் ஆண் குழந்தைக்குச் சுமார் 950 பெண் குழந்தை. உலகம் எங்கும் இதை ஒட்டித்தான் இருக்கும். யாரும் கை வைக்காவிட்டால்!

கடலூர் மாவட்டத்தில் ஆறு வயது வரை உள்ள குழந்தைகளில், 2001 கணக்கில் ஆயிரம் ஆணுக்கு 950-க்கு மேல் பெண்கள் இருந்தார்கள். பத்தே ஆண்டில், 2011 கணக்கில், அது 896 ஆக விழுந்தது. தமிழ்நாட்டுச் சராசரி 943. மாநிலத்தில் மிகக் குறைந்த மாவட்டங்களில் ஒன்றாகக் கடலூர் நின்றது.

ஆயிரத்துக்கு ஐம்பதுக்கு மேல் பெண் குழந்தைகளைக் காணோம்! எங்கே போனார்கள்? பிறக்கவே விடவில்லை, அல்லது பிறந்த பின் பேணவில்லை.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பத்தாண்டில் பஞ்சம் வந்ததா? இல்லை. பள்ளிக்கூடம் குறைந்ததா? கூடியது. ஆஸ்பத்திரி குறைந்ததா? கூடியது. வறுமையினால்தான் பெண்ணை வேண்டாம் என்கிறார்கள் என்றால், வசதி கூடக்கூடப் பெண்கள் கூடியிருக்க வேண்டும் அல்லவா? மாறாகக் குறைந்தார்கள். ஆகவே வறுமை மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க முடியாது.

அப்படியானால் காரணம் என்ன?

முன்பு ஐந்து பெற்றார்கள். ஐந்தில் ஒன்றாவது ஆணாகப் பிறந்துவிடும். ஆகையால் ஆண் வேண்டும் என்ற ஆசை, பெண் பிறப்பதை அவ்வளவாகத் தடுக்கவில்லை. இப்போது ஒன்று அல்லது இரண்டு. "இருப்பதே இரண்டு இடம், அதில் ஓர் இடம் ஆணுக்கு நிச்சயம்" என்று மனசு கணக்குப் போடுகிறது. குடும்பம் சுருங்கியது, ஆசை சுருங்கவில்லை. அந்த நேரம் பார்த்து வயிற்றுக்குள் இருப்பதைக் காட்டும் கருவியும் வந்து சேர்ந்தது.

அமெரிக்க அறிஞர் வில்லியம் ஆக்பர்ன் 1922-ல் ஒரு கருத்தைச் சொன்னார். கருவிகள் குதிரை வேகத்தில் மாறுகின்றன. பழக்க வழக்கங்கள் மாட்டு வண்டி வேகத்தில் பின்னால் வருகின்றன. இரண்டுக்கும் நடுவே விழும் இடைவெளியில்தான் சமுதாயத்தின் துன்பங்கள் பிறக்கின்றன என்பது அதன் சாரம். இதற்குப் பண்பாட்டுப் பின்தங்கல் என்று பெயர். தாயையும் சேயையும் காக்க வந்த கருவி, 'தான்' என்று இழுக்கும் மனசின் கையில் சிக்கியது. விளைவு, 896!

அமர்த்தியா சென் 1990-ல் உலகத்தைக் கூட்டிப் பார்த்து, பத்துக் கோடிக்கு மேற்பட்ட பெண்களைக் காணவில்லை என்று எழுதினார். அந்தக் கணக்கில் நம் பக்கத்து வீடும் சேர்ந்திருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

"ஆனால்..." என்பவர்களுக்கு

"பெண்ணைப் பெற்றால் செலவு ஐயா! நகை போட வேண்டும். சீர் செய்ய வேண்டும். யார் கொடுப்பது?" என்று கேட்பார்கள்.

வரதட்சணை வாங்குவது 1961 முதல் குற்றம். கேட்பவன் குற்றவாளி. கேட்கிறவனை விட்டுவிட்டு, பிறக்காத குழந்தையைத் தண்டிப்பது என்ன நியாயம்?

"மகன் இருந்தால்தானே வயசு காலத்தில் சோறு போடுவான்?" என்பார்கள்.

மகன் போடுகிற வீடும் உண்டு. மகள் போடுகிற வீடும் உண்டு. சம்பாதிக்கும் மகள், பெற்றவர்களுக்குப் பணம் அனுப்புவதில்லையா? தமிழ்நாட்டில் 1989 முதல் குடும்பச் சொத்தில் இந்து மகளுக்கும் மகனைப் போலச் சம பங்கு உண்டு. 2005-ல் நாடு முழுவதற்கும் அதுவே சட்டமாயிற்று. சொத்தில் பங்கைக் கொடுத்துவிட்டு, சோற்றில் பங்கைக் கேட்கலாம். பங்கையும் கொடுக்காமல், "மகளால் என்ன பயன்?" என்று கேட்பது வம்பு.

"பெண்கள் குறைந்தால் அவர்களுக்கு மதிப்புக் கூடும், வரதட்சணை தானாக ஒழியும்" என்று ஒரு சிலர் கெட்டிக்காரத்தனமாகப் பேசுகிறார்கள்.

அரியானாவைப் பாருங்கள். 2011-ல் அங்கே ஆயிரம் ஆண் குழந்தைக்கு 834 பெண் குழந்தைகள்தான். பெண்ணுக்கு மதிப்பா கூடியது? பெண் கிடைக்காதவர்கள் வங்காளத்திலும் பீகாரிலும் அசாமிலும் ஏழை வீட்டுப் பெண்களுக்கு விலை பேசிக் கொண்டுபோனார்கள். பாஷை தெரியாத ஊரில், பேச ஆள் இல்லாமல் அந்தப் பெண்கள் வாடுகிறார்கள். வெங்காயம் குறைந்தால் வெங்காயத்துக்கு விலை ஏறும். ஆனால் பெண் வெங்காயம் அல்ல!

"அவள் வயிற்றில் பெண்ணாகவே பிறக்கிறது" என்று மருமகளைத் திட்டும் மாமியார்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனின் உயிரணு. இது மருத்துவம் அறிந்த உண்மை. ஆகவே திட்டித்தான் தீர வேண்டும் என்றால் உங்கள் மகனைத் திட்டுங்கள்! திட்டாமல் இருப்பது இன்னும் நல்லது.

அச்சு தேயும்

"ஊர் உலகம் இப்படித்தான், நம்மால் என்ன ஆகும்?" என்று கையை விரிப்பவர்கள் அதிகம். அது தவறு.

பீங்கான் அச்சு பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். திரும்பத் திரும்ப வார்த்தால் அச்சு தேய்ந்துவிடும். மூக்கு மழுங்கும், விரல் ஒட்டிக் கொள்ளும். அப்போது தொழிலாளி என்ன செய்கிறார்? "தாத்தா காலத்து அச்சு" என்று பூஜை செய்வதில்லை. புதிய அச்சு வார்க்கிறார்.

சமுதாயமும் அச்சை மாற்றியிருக்கிறது. சேலம் மாவட்டம் ஒரு காலத்தில் பெண் சிசுக்கொலைக்குப் பெயர் போனது. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் அங்கேதான் தொடங்கியது. பெண் குழந்தையின் பெயரில் அரசு பணம் போட்டு வைக்கும் திட்டமும் அதே ஆண்டில் வந்தது. மாதர் குழுக்கள் வீடு வீடாகப் போயின. 2001-ல் சேலத்தில் ஆயிரம் ஆண் குழந்தைக்கு 851 பெண்கள்தான். 2011-ல் அது தொள்ளாயிரத்தைத் தாண்டிவிட்டது. அதே பத்தாண்டில் கடலூர் இறங்கியது, சேலம் ஏறியது! விருத்தாசலத்தில் ரயில் ஏறினால் சேலத்தில் போய் இறங்கலாம். இரண்டும் தூர தேசங்கள் அல்ல. மண் ஒன்றுதான், மொழி ஒன்றுதான்.

2011-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் கடலூர் மாவட்டத்துக்கும் விரிந்தது.

தென் கொரியாவையும் பார்க்கலாம். 1990-ஐ ஒட்டி அங்கே நூறு பெண்ணுக்கு 116 ஆண் என்ற அளவில் குழந்தைகள் பிறந்தன. இருபது ஆண்டு முடிவதற்குள் இயற்கையான அளவுக்குத் திரும்பிவிட்டது. சட்டம் போட்டார்கள். பெண்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள். குடும்பத் தலைமை மகனுக்கே என்ற பழைய சட்டத்தையும் எடுத்தார்கள். நாற்காலி மாறியது, மனசும் மாறியது.

நம் நாட்டிலும் கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதை 1994-ல் சட்டம் தடுத்தது. கேட்டாலும் குற்றம், சொன்னாலும் குற்றம், சிறை உண்டு. ஆனால் சட்டம் வாசல் வரை வரும். சமையல் அறைக்குள் நாம்தான் போக வேண்டும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் வேலை உண்டு

என்ன செய்யலாம்? பெரிய காரியம் ஒன்றும் வேண்டாம். வீட்டுக்கு வீடு செய்யக் கூடியவைதான்.

ஸ்கேன் எடுக்கும்போது "என்ன குழந்தை?" என்று கேட்காதீர்கள். ஜாடையாகவும் கேட்காதீர்கள். "நல்லா இருக்கா?" என்று மட்டும் கேளுங்கள்.

பெண் பிறந்தாலும் தெருவுக்கெல்லாம் மிட்டாய் கொடுங்கள். இரண்டும் பெண்ணாகப் பெற்றவளிடம் போய் "அடடா!" என்று உச்சுக் கொட்டாதீர்கள். அவள் ஒன்றையும் இழந்துவிடவில்லை.

முட்டை ஒன்று இருந்தால் பாதி மகனுக்கு, பாதி மகளுக்கு. பாத்திரம் கழுவுவதிலும் அதே பாதிக் கணக்கு.

அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் மேற்படிப்புக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கப்பட்டது. இப்படிப்பட்ட உதவிகளை விசாரித்து வாங்குங்கள். நகைச் சீட்டுக் கட்டும் பணத்தில் ஒரு பங்கைப் படிப்புக்குக் கட்டுங்கள். நகை பெட்டியில் கிடக்கும்; படிப்பு கூடவே வரும்.

சொத்து எழுதும்போது மகளின் பெயரையும் எழுதுங்கள். "அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவாள்" என்று முன்கூட்டியே முடிவு கட்டாதீர்கள்.

ஆண் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு இன்னும் பெரிய வேலை உண்டு. கல்யாணப் பேச்சில் "எவ்வளவு போடுவீர்கள்?" என்ற கேள்வியை அடியோடு விடுங்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் எங்கோ ஒரு பெண் குழந்தை பிறக்காமலே போகிறது.

விருத்தாசலத்துக் கோயிலில் அம்மனுக்குப் பெரியநாயகி என்று பெயர். அந்த ஊர்ச் சூளையில் வெந்து வரும் பொம்மைகளில் சரசுவதியும் லட்சுமியும் உண்டு. நவராத்திரியில் ஒன்பது நாள் படியில் வைத்து விளக்கேற்றுகிறோம். மண்ணால் செய்த பெண்ணுக்குச் சுண்டல் படைக்கும் நாம், ரத்தமும் சதையுமாக வரும் பெண்ணுக்குக் கதவைச் சாத்தலாமா?

2021-ல் நடக்க வேண்டிய ஜனத்தொகைக் கணக்கு தள்ளிப் போயிற்று. அடுத்த கணக்குக்கு 2027-ம் ஆண்டு மார்ச் 1-ம் தேதியை ஆதார நாளாகக் குறித்து 2025-ல் மத்திய அரசு அறிவித்தது. கணக்கு எடுப்பவர் நம் வாசலிலும் வந்து நிற்பார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு எழுதுவார். நாம் எப்படிப்பட்ட சமுதாயம் என்பதற்கு அந்தத் தாள் பதில் சொல்லும்.

சூளையில் சுட்ட பொம்மையைத் திரும்பக் கூழாக்க முடியாது. மனிதனுக்கு அந்தக் கதி இல்லை. நாளைக்கே அவன் வேறு மாதிரி நடக்கலாம். வேறு மாதிரி பேசலாம்.

முதல் வேலையாக, அந்தத் 'தான்' என்ற சொல்லை எடுத்துவிடுவோம்!